ஐந்து அடியும் ஒரு குருகும்: இலக்கியம் படிக்க உதவும் சில சொற்கள்

என் அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். திணை, துறை, கூற்று, கருப்பொருள், உரிப்பொருள், உள்ளுறை, எச்ச உம்மை, சீர், தளை, தொடை என்று இரண்டு பக்கத்துக்குச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம். உள்ளுறை என்றால் என்ன என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். சரி, ஒரு பாட்டில் அதைக் காட்டு என்றால் முழிக்கிறாள்.

"மாமா, இதெல்லாம் எதுக்குன்னே தெரியல" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்பானரையும் திருப்புளியையும் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைக் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறோம். அன்று சாயங்காலம் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, நோட்டில் இருந்த சொற்களில் எது எது அதில் எங்கே உட்காருகிறது என்று இரண்டு பேரும் பார்த்தோம். பேசியதில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்த பாட்டு குறுந்தொகையில் 25ஆவது. பாடியவர் கபிலர்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தொகை என்றால் பல பேர் வெவ்வேறு காலத்தில் பாடியதைப் பின்னால் ஒருவர் சேர்த்துக் கட்டியது. குறுந்தொகையில் நான்கு அடி முதல் எட்டு அடி வரையுள்ள பாட்டுகளாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு மட்டும் ஒன்பது அடிக்குப் போகும். கடவுள் வாழ்த்தைத் தள்ளினால் 401 பாட்டு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு அடி வரை உள்ளவை நற்றிணைக்குப் போயின, அதற்கும் மேலே உள்ளவை அகநானூற்றுக்கு. துணிக்கடையில் அளவு பார்த்து அடுக்குவது போலத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

முதல் வேலை, சொல்லைப் பிரிப்பது. இதைச் சந்தி பிரித்தல் என்பார்கள். ஓலைச்சுவடியில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஓலை தீரும்வரை ஒரே ஓட்டமாகப் போகும். இன்று நாம் பார்க்கும் இடைவெளிகள் எல்லாம் பதிப்பித்தவர்கள் விட்டவை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து, குறைந்த விலைக்குப் போட்டார். சாதாரண வாசகன் பயமில்லாமல் இந்தப் பக்கம் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

'தானது' என்பது தான் + அது. 'யானெவன்' என்பது யான் + எவன். இங்கே என் மருமகள் நின்றுவிட்டாள். "எவன்னு ஏன் மாமா திட்டுறா?" பழைய தமிழில் எவன் என்றால் என்ன என்று பொருள். யான் எவன் செய்கோ என்றால் நான் என்ன செய்வேன். செய்கு என்பது அந்தக் காலத்தில் 'நான் செய்வேன்' என்பதற்கான வடிவம். கடைசியில் ஒட்டியிருக்கும் ஓ கேள்விக்காக வந்தது.

'மணந்த' என்பதும் கவிழ்த்துவிடும். இன்று மணப்பது என்றால் கல்யாணம். அந்தப் பொருளை இங்கே போட்டால், ஒரு கொக்கு மட்டும் வந்திருந்த கல்யாணம் என்று ஆகிவிடும். இங்கே மணத்தல் என்றால் கூடுதல், ஒன்றாக இருத்தல். ஞான்று என்றால் அந்தப் பொழுது. 'பொய்ப்பின்' நமக்குப் பழகிய சொல்தான்: மழை பொய்த்துவிட்டது என்கிறோம் இல்லையா? மழை யாரிடமும் பொய் சொல்லவில்லை, வரவேண்டிய நேரத்தில் வராமல் போனது. அந்தப் பொய்த்தல்தான் இது.

இப்படிச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதினால் அது பதவுரை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டமாகச் சொன்னால் பொழிப்புரை. இந்தப் பாட்டின் பொழிப்பு ஏறக்குறைய இப்படி வரும்: "வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் ஒருத்தன்தான். அவனே அதை மறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப் போலச் சின்னதாகப் பசுமையான கால்கள் உள்ள ஒரு குருகு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவன் என்னோடு இருந்த அந்தப் பொழுதில்."

பொழிப்புரை படித்துவிட்டுப் பாட்டைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற பழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் நிறையவே உண்டு. உண்மையில் ஆட்டம் இனிமேல்தான்.

இப்போது கூற்று. பாட்டில் பேசுவது யார்? கபிலர் ஆண். பேசுவது ஒரு பெண். ஆக 'யான்' என்று வருகிற இடத்தில் கபிலர் இல்லை. அவர் தலைவி என்ற பாத்திரத்தின் வாயில் சொற்களை வைக்கிறார். அதனால் இது தலைவி கூற்று. அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பரத்தை என்று சிலருக்குத்தான் பேச இடம். யாருக்கும் பெயர் கிடையாது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்துவிட்டால் அது அவரவர் சொந்தக் கதை ஆகிவிடும், புறத்தின் பக்கம் போய்விடும். அகம், புறம் என்ற பிரிவே இங்கிருந்து தொடங்குகிறது: ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இருப்பது அகம், போர், கொடை, சாவு, அரசன் என்று ஊரறியப் பேசக்கூடியதெல்லாம் புறம்.

இடையில் ஒன்று. தொல்காப்பியம் இந்தத் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்று சொல்லும். உரிமை உடையவர்கள் என்று பொருள். வகுப்பில் இதைச் சொன்னால் பத்து நிமிஷத்துக்குப் பாடம் நடக்காது.

பேசுவது தலைவி. கேட்பது யார்? இதற்குப் பதில் பாட்டுக்குள் இல்லை, பாட்டுக்கு வெளியே ஒரு சின்னக் குறிப்பில் இருக்கிறது: "வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது." இதுதான் துறை. எந்தச் சந்தர்ப்பத்தில், யார் யாரிடம் சொன்னது என்று காட்டும் குறிப்பு. பாடியவரே இதை எழுதினார் என்று சொல்ல முடியாது. தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களோ சேர்த்தது என்பதே பொதுவான கருத்து. ஒரு விதத்தில், நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாசகர் குறிப்பு அது. யாரோ ஒருவர் இந்தப் பாட்டைப் படித்து, இது இந்த இடத்தில் பொருந்தும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

வரைவு என்றால் இன்று அரசாங்கம் வெளியிடும் வரைவு அறிக்கை நினைவுக்கு வரும். இங்கே வரைவு என்றால் திருமணம். திருமணம் தள்ளிக்கொண்டே போகிறது, அந்த நேரத்தில் தலைவி தோழியிடம் சொன்னது. இதைத் தெரிந்துகொண்டு பாட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் தடவை வெறும் நினைவு மாதிரி இருந்தது. இப்போது அவள் நிலைமை தெரிகிறது. ரகசியமாகச் சந்தித்துக்கொண்டார்கள். அவன் பெண் கேட்டு வரவில்லை. வராமலே போய்விட்டால், இப்படி ஒன்று நடந்தது என்று சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த ரகசியச் சந்திப்புக்குக் களவு என்று பெயர். திருமணத்துக்குப் பிறகு கற்பு. காதல் வாழ்க்கையை இப்படி இரண்டு கட்டமாகப் பிரிப்பதற்குக் கைகோள் என்று பெயர். களவில் சாட்சி கிடையாது. இருந்தால் அது களவே இல்லை. தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா: "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப." பொய் சொல்வதும் தவறுவதும் வந்த பிறகுதான் பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்களாம். 'தானது பொய்ப்பின்' என்று அவள் சொல்வதில் வருவது அதே பொய். இலக்கணத்தில் பொதுவாகச் சொன்னதை, கபிலர் ஒரு பெண்ணின் வயிற்றைக் கலக்கும் பயமாகக் காட்டியிருக்கிறார்.

அடுத்து திணை. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடல் நெய்தல், வறண்ட வழி பாலை. இதை அப்படியே மனப்பாடம் செய்தால் திணை என்பது நிலத்தின் பெயர் என்று தோன்றும். பாதி சரி. தொல்காப்பியம் ஒரு பாட்டுக்குள் மூன்றைத் தேடச் சொல்கிறது. முதற்பொருள் என்றால் இடமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த இடத்தில் இருப்பவை: தெய்வம், உணவு, மரம், பறவை, விலங்கு, பறை, தொழில். உரிப்பொருள் என்றால் அங்கே மனிதருக்குள் நடப்பது. குறிஞ்சிக்குக் கூடுதல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். மூன்றில் உரிப்பொருளுக்கே மதிப்பு அதிகம்.

இந்தப் பாட்டைக் குறிஞ்சி என்கிறார்கள். ஏன்? நோட்டை வைத்துக்கொண்டு அவள் கருப்பொருளைத் தேடினாள். தினை இருக்கிறது, அது குறிஞ்சியின் பயிர். அப்புறம் குருகு. ஆரல் மீன். ஓடுகிற தண்ணீர். "இது வயல்ல இருக்கிற பறவை மாமா. அப்ப மருதம்தானே?"

நல்ல கேள்வி. கேட்கவேண்டிய கேள்வியும்கூட. தொல்காப்பியருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. "எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்" என்று தொடங்கி, பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தை விட்டு வேறு நிலத்துக்கு வந்தால், வந்த நிலத்துக்கே பயன்படும் என்கிறார். பறவைக்கு இறக்கை இருக்கிறது, பறந்து வரும். ஒரு குருகு வந்து நின்றுவிட்டது என்பதற்காகக் கூடிய நாளைப் பற்றிய பாட்டு மருதமாகிவிடாது. இப்படிக் கலப்பதைத் திணை மயக்கம் என்பார்கள். தினையையே பாருங்கள். பாட்டில் எங்கும் தினைப்புனம் இல்லை. உவமைக்குள்தான் தினை வருகிறது. மலையில் வளர்ந்தவள், பறவையின் காலைப் பார்த்தாலும் அவளுக்குத் தோன்றுவது தினைத்தாள்தான். நிலம் அவள் கண்ணுக்குள் இருக்கிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

உவமையைப் பிரித்துப் பார்க்க நான்கு சொற்கள் போதும். எதைச் சொல்ல வருகிறோமோ அது உவமேயம்: குருகின் கால். எதைக் காட்டுகிறோமோ அது உவமானம்: தினைத்தாள். இரண்டையும் ஒட்டுவது உவம உருபு: அன்ன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை: மெலிந்திருப்பது, பசுமை. உவமை எதை வைத்துப் பிறக்கும் என்பதற்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கைத் தொல்காப்பியம் சொல்லும். மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். இங்கே இரண்டும் சேர்ந்து வருகின்றன.

குருகு என்பது எந்தப் பறவை என்று உரைகளைப் புரட்டினால் நாரை, கொக்கு என்று வரும். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் மடையான் நிற்பதை ஒரு நாள் காலையில் கிட்டத்தில் பார்த்தேன். மண்ணோடு மண்ணாகத் தெரியும் உடம்பு. கால் மட்டும் மங்கலான பச்சை. தண்ணீருக்குள் ஒரு காலை வைத்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் இருமினேன், அசையவில்லை. கபிலர் பார்த்தது மடையான்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பசுங்கால் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் வெறும் அலங்காரமாக நினைக்கவில்லை.

உவமை வெளிப்படையாக நிற்கும். உள்ளுறை ஒளிந்திருக்கும். போல, அன்ன, ஒப்ப என்று எதுவும் வராது. மரத்தையோ மீனையோ பற்றிப் பேசுவது போல இருக்கும், ஆனால் பேச்சு வேறு ஒருவரைப் பற்றி. இதற்குக் குறுந்தொகை 8 தெளிவான உதாரணம். ஆலங்குடி வங்கனார் பாடியது, ஒரு பரத்தையின் கூற்று. தலைவனை அவள் "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்கிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன். மேலே பார்த்தால் ஊர் வர்ணனை. அடியில் ஒரு குத்தல்: நான் அவனை இழுக்கவில்லை, பழம் தானாக விழுந்தது, மீனைக் குறை சொல்லி என்ன பயன். தலைவியின் ஆட்கள் காதில் விழும்படி அவள் இதைச் சொல்கிறாள் என்பது துறை. துறை தெரியாவிட்டால் உள்ளுறையும் கிடைக்காது. நோட்டில் ஐந்தாறு சொல் தள்ளித் தள்ளி இருப்பவை பாட்டில் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன.

சரி, நம் குருகுக்கு உள்ளுறை உண்டா? ஆரலுக்காகக் கண்வைத்து நிற்கும் பறவையில், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பறந்துவிடக்கூடிய ஒருவனைப் பார்க்கலாம். அப்படிப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அழுத்திப் படிப்பதாகத் தோன்றுகிறது. அவள் கண்ணில் பட்ட ஒரு பறவையைச் சொல்கிறாள், அதற்கு வேறு வேலை இருந்தது என்கிறாள். மீனைப் பார்த்தது, எங்களைப் பார்க்கவில்லை. அதுவே போதுமான துயரம். இறைச்சி என்று இன்னொரு சொல்லும் நோட்டில் இருந்தது. கறிக்கடை நினைவு வேண்டாம். கருப்பொருளின் வழியாக, சொன்னதற்கு வெளியே தோன்றும் குறிப்புப் பொருள் அது. உள்ளுறையில் இது இதற்கு, அது அதற்கு என்று பொருத்திக்காட்டலாம். இறைச்சியில் அந்தக் கணக்கு வராது. மணம் போல மேலே எழும். இரண்டுக்கும் எல்லை எங்கே என்று உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை. தொடக்கத்தில் இருப்பவர் இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஓர் எழுத்துச் சங்கதி. இலக்கணத்தில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் உம்மை. நன்னூல் எட்டுவிதம் சொல்லும். நமக்கு இரண்டு போதும். எல்லாவற்றையும் அடக்கிச் சொல்வது முற்றும்மை: 'எல்லாரும் வந்தார்கள்', 'யாரும் வரவில்லை'. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இதுவும் சேர்கிறது என்று காட்டுவது எச்ச உம்மை: 'தம்பியும் வந்தான்' என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார்கள்.

பாட்டு 'யாரும் இல்லை' என்று முற்றும்மையில் தொடங்குகிறது. கதவை இழுத்துச் சாத்தியாகிவிட்டது. கடைசி அடியில் 'குருகும் உண்டு'. அங்கே ஓர் எச்ச உம்மை. சாத்திய கதவில் ஒரு விரல் அளவு இடுக்கு. யாரும் இல்லை, அவன் மட்டும்தான் என்று சொல்லி முடித்தவள், நான்கு அடிக்குள் தன் பேச்சைத் தானே திருத்துகிறாள்: இல்லையில்லை, ஒரு குருகும் இருந்தது. நடுவில் நடந்தது என்ன? தோழியிடம் பேசிக்கொண்டே அந்த இடத்தை மறுபடி மனசுக்குள் பார்க்கிறாள். யாராவது இருந்தார்களா என்று தேடுகிறாள். கிடைத்தது ஒரு பறவை. அதற்கும் வாய் கிடையாது. 'உம்' ஒரு ஒட்டுத்தான், தனியாகச் சொன்னால் பொருளே வராது. இங்கே பாட்டின் பாரம் முழுக்க அதன் மேல் நிற்கிறது.

மெய்ப்பாடு என்ற சொல்லை இந்த இடத்தில்தான் எடுத்தோம். உள்ளே இருக்கும் உணர்ச்சி வெளியே படித்துக்கொள்ளும்படி தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இதில் எது இந்தப் பாட்டில்? அச்சம் என்றாள் அவள். அழுகை என்றேன் நான். 'கள்வன்' என்று சொல்லும்போது கொஞ்சம் வெகுளியும் இல்லையா, கொஞ்சம் ஆசையும் இல்லையா என்று திரும்பக் கேட்டாள். திட்டும்போதே கொஞ்சுவது நம் ஊர்களில் புதிதா என்ன? ஒன்றைத்தான் எழுதவேண்டும் என்று பரீட்சைத்தாள் கேட்கும். பாட்டு அப்படிக் கேட்பதில்லை.

யாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீரும் சீரும் கட்டுப்படுவது தளை, சீர்கள் சேர்ந்து அடி, அடிகளிலும் சீர்களிலும் ஓசை ஒத்து வருவது தொடை. மாலை தொடுப்பதில் உள்ள அதே தொடை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே படியுங்கள். சீரின் முதல் எழுத்து ஒத்தால் மோனை: 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்'. இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை: 'அகர', 'பகவன்'. நம் பாட்டில் அடி எதுகை இல்லை. சங்கப்பாட்டில் இது சாதாரணம். எதுகை இல்லாவிட்டால் கவிதையே இல்லை என்பது பிற்காலத்துப் பழக்கம். அடிக்கு நான்கு சீர். எண்ணிப் பாருங்கள், கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று: 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்'. இப்படி வந்தால் நேரிசை ஆசிரியப்பா. வாய்விட்டுப் படித்தால் அந்த மூன்று சீர் அடியில் ஓட்டம் ஒரு கணம் நின்று, பிறகு 'குருகும்' என்று விழும். கொக்கு நிற்கிற இடத்தில் பாட்டும் நிற்கிறது. இது விதியால் வந்ததா, கபிலரின் கைத்திறனா என்று பிரிக்க முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதிய விமரிசனக் கட்டுரைகளில் வேறு சொற்கள் கண்ணில் படும். கதைசொல்லி என்பார்கள், எழுத்தாளர் வேறு, கதையில் 'நான்' என்று பேசுகிறவர் வேறு என்பதைக் காட்ட. கூற்று தெரிந்தவருக்கு இது புதிதல்ல. படிமம் என்பார்கள், தினைத்தாள் போன்ற கால் கண்முன்னே வந்து நின்றதே, அது. பிரதி என்ற சொல் ஆளைப் பொறுத்து மாறும். அச்சகத்தில் பிரதி என்றால் நகல், இத்தனை பிரதி அடித்தோம் என்பார்கள். விமரிசகர் பிரதி என்றால் அந்த எழுத்தே, பனுவல் என்றும் அதைச் சொல்வதுண்டு. பதிப்பாசிரியர் பிரதி என்றால் ஓலைச்சுவடியோ கையெழுத்துப் படியோ.

பதிப்பாசிரியர் என்றதும் கடைசிச் சொல்லுக்கு வந்துவிட்டோம்: பாடம். பள்ளிக்கூடத்துப் பாடம் இல்லை. ஒரே பாட்டு இரண்டு மூன்று ஏடுகளில் இருக்கும். படி எடுத்தவர்கள் கை மாற மாற அங்கங்கே சொல் மாறியிருக்கும். அப்படி ஒவ்வொரு ஏட்டிலும் காணும் வடிவம் பாடம். வேறுபாட்டுக்குப் பாடபேதம் என்று பெயர். குறுந்தொகை முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பாக அச்சில் வந்தது. 1937இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பு வந்தது. ஏடுகளை ஒப்பிட்டு, எதை மேலே வைப்பது, எதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது என்று முடிவு செய்வதுதான் பதிப்பாசிரியரின் வேலை. நாம் படிப்பது அந்த முடிவின் பிறகு வந்த வடிவத்தை.

'தானே கள்வன்' என்ற இடத்தில் 'தானே களவன்' என்று ஒரு பாடம் உண்டு. களவன் என்றால் களத்தில் இருந்தவன், அதாவது சாட்சி. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது பெரும்பாலும் வழக்கம் இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். புள்ளி இல்லாவிட்டால் கள்வனும் களவனும் ஓலையில் ஒரே மாதிரி. ஏட்டைப் படிக்கிறவர் தன் மனசிலிருந்து ஒரு புள்ளியை வைக்கவேண்டும், அல்லது வைக்காமல் விடவேண்டும். யாப்பைக் கேட்டாலும் தீராது: கள்வன் தேமா, களவன் புளிமா, இரண்டும் ஈரசைச் சீர்கள், ஆசிரியப்பாவில் இரண்டுக்கும் இடம் உண்டு.

கள்வன் என்று படித்தால் அவளுக்கு அவன் மேல் இருக்கும் கோபமும் கொஞ்சலும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் பிடிக்கும். அச்சிலும் பெரும்பாலும் அதுதான் வருகிறது. என் மருமகள் களவன் பக்கம் போனாள். காரணமும் சொன்னாள்: "அவன்தான் சாட்சின்னு முதல்ல சொல்றா. அவனே மாத்திப் பேசினா? அதான் அடுத்த சாட்சியத் தேடறா. அதனாலதான் மாமா, குருகு-'உம்'."

எனக்குப் பதில் வரவில்லை. அவள் நோட்டைத் திருப்பி, எச்ச உம்மைக்கு எதிரே இருந்த ஒரு வரி விளக்கத்துக்குக் கீழே 'குருகும்' என்று எழுதிக்கொண்டாள். பக்கத்தில் பாடபேதம் என்று ஒரு புதுச் சொல்லை எழுதி, அதற்கு நேரே கள்வன் என்று எழுதி, புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.